ஆடிப்பெருக்கு வரைக்கும்

2013 ஜூலை 9, செவ்வாய்

டயாலிசிஸுக்குப் போகும்போது அப்பாவின் எடை 60.2 கிலோ. இரண்டே முக்கால் கிலோ இறக்கினார்கள். திரும்பும்போது வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரி வரிசை, பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. அப்பா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். கொழிஞ்சாம்பாறையில் இறங்கியதும், "அம்மிணி, இன்னும் எத்தனை நாளு?" என்றார். டயாலிசிஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஏதோ சமாதானம் சொன்னேன்.

"அதில்ல சாமி. காஸ்மாஸ்."

நியூயார்க் காஸ்மாஸ் கால்பந்து அணி மறுபடி ஆட இருபத்தைந்து நாள்.

ஜூலை 10, புதன்

மழை. அப்பாவின் ஒரு நாள் தண்ணீர் அளவு அரை லிட்டர், சரியாக இருந்தது.

ஜூலை 11, வியாழன்

டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் என்னை உள்ளே விடுகிறார்கள். அப்போது படித்துக் காட்டுவதற்காக நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன். நியூயார்க் காஸ்மாஸ் முதலில் ஆடிய வருடம் 1971. வார்னர் கம்பெனிக்காரர்கள் பணம் போட்டார்கள். 'காஸ்மோபாலிட்டன்' என்பதைச் சுருக்கி, கிளப்பை நடத்திய கிளைவ் டோய் வைத்த பெயர் அது. இதெல்லாம் அப்பாவுக்குப் புதிது. பெலே 1975 ஜூனில் முதல் ஆட்டம் ஆடிய ராண்டல்ஸ் தீவு மைதானத்தில் புல்லே இல்லையாம். டிவியில் நன்றாகத் தெரிய மண்ணுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து காலில் பச்சையைப் பார்த்த பெலே ஏதோ நோய் தொற்றிவிட்டது என்று பயந்தாராம். அப்பா சிரித்தார். கை அசையக்கூடாது என்று நர்ஸ் அதட்டினார். அசைந்தால் என்ன, சிரித்து எத்தனை வாரம் ஆயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

நாள் முழுக்க இதே யோசனை. எழுதிவிட்டால் விடும் என்று நினைக்கிறேன்.

1984-ல் காஸ்மாஸ் ஆடிய லீக் படுத்தது. காஸ்மாஸ் கொஞ்ச காலம் உள்ளரங்கில் ஆடிப் பார்த்துவிட்டு 1985-ல் நின்றுபோனது. அதற்குப் பிறகு பெயர் மட்டும் பெப்பே பின்டன் என்பவர் கையில் இருந்தது. பையன்களுக்குக் கால்பந்து முகாம் நடத்திக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்காமல், இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்து 2009-ல்தான் விற்றார். 2010 ஆகஸ்டில் பெலே வந்து 'காஸ்மாஸ் திரும்பி வருகிறது' என்று அறிவித்தார். அணி என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. சட்டை விற்றார்கள். 2011-ல் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பால் ஸ்கோல்ஸுக்கான பிரிவு உபசார ஆட்டத்தில், அதற்கென்று கூட்டிச் சேர்த்த ஆட்களுக்கு காஸ்மாஸ் சட்டையைப் போட்டுவிட்டார்கள். 6-0 தோல்வி.

எனக்குக் கோபமாக வந்தது. ஒரு பெயரை விலைக்கு வாங்கிவிட்டால் பழைய கிளப் ஆகிவிடுமா? ஆட்கள் இல்லை, மைதானம் இல்லை, நடுவில் இருபத்தெட்டு வருடம். மதியம் சோறு போடும்போது அப்பாவிடம் இதைக் கொட்டினேன்.

அவர் பருப்பைத் தள்ளிவிட்டு (பொட்டாசியம்) கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கரக்பூர் ஒர்க்ஷாப்புக்கு நீராவி இன்ஜின் வரும். பிரிச்சு மேஞ்சுருவோம். பாய்லர் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். ஒரு இன்ஜின் பாய்லரு இன்னொண்ணுக்குப் போகும். வெளிய போறப்ப பழைய இரும்பு பாதிகூட இருக்காது. ஆனா நம்பர் தகடு அதேதான். டிரைவர் வந்து தகட்டைப் பார்த்து, என்ர இன்ஜின் வந்துருச்சும்பான். யாரும் அவன்கிட்ட இல்லைன்னு சொன்னதில்ல."

தகட்டைத் தொலைக்காமல் ஒருத்தன் வைத்திருந்தானல்லவா, அதுதான் வேலை என்றார். எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் பின்டன் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். அவருக்குக் கொடுக்க முடியாது. வாசனை பிடித்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

ஜூலை 20, சனி

தாகம் என்றால் என்ன என்று இந்த மனிதரிடம்தான் கற்றேன். காலையில் அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி அலமாரியில் வைக்கிறேன். காபி, மாத்திரைக்கு ஊற்றுவது, ரசம், எல்லாம் அதற்குள்தான். சாயங்காலம் நான்கு விரல் உயரம் மீதி இருந்தால் அன்று ஜெயித்தோம். ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பல்லில் படாமல், அது கரைகிற வரை ஒரு கதையை ஓட்டுகிறார். எப்போதும் அதே கதை.

1977 செப்டம்பர் 24, சனிக்கிழமை. கல்கத்தாவில் மோகன் பகானுக்கும் காஸ்மாஸுக்கும் ஆட்டம். கரக்பூரிலிருந்து லோக்கல் பிடித்து ஹவுரா. முந்திய மழையில் ஈடன் கார்டன் சேறாகிக் கிடந்தது. ஆட்டம் நடக்காது என்றே பேசிக்கொண்டார்கள். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து பெலேயின் முகம் தெரியவில்லை, முதுகில் 10 மட்டும் தெரிந்தது. காஸ்மாஸின் கார்லோஸ் ஆல்பர்ட்டோ முதல் கோல். மோகன் பகானின் ஷியாம் தாபா சமன் செய்தார். ஹபீப் இரண்டாவதை அடித்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாராம். இடது செருப்பு அங்கேதான் போயிற்று. பிறகு அந்தப் பெனால்டி. காஸ்மாஸின் கினாலியா அடித்து 2-2.

"பெனால்டியே இல்ல கண்ணு." முப்பத்தாறு வருடமாகச் சொல்கிறார்.

மோகன் பகானுக்குக் கத்தியவர் ஏன் காஸ்மாஸை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சின்ன வயதில் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 1, ஆட்டத்தையே விடப் போகிற ஆள், முப்பத்தாறு வயதில், அந்தச் சேற்றில் இறங்கி ஆடினார். வந்தாரே என்கிறார் அப்பா. அவ்வளவுதான் அவருக்கு.

ஐஸ் கரைந்தது.

ஜூலை 22, திங்கள்

கினாலியா முதல் ஆட்டத்துக்கு வருவாரா என்று கேட்டார். தெரியவில்லைங்கப்பா என்றேன். அவர் போன வருடம் ஏப்ரலில் இறந்துவிட்டார். எனக்குத் தெரியும்.

ஜூலை 25, வியாழன்

பக்கத்துப் படுக்கை காலி. எங்கே என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எஃப்.சி. கொச்சின் என்ற கேரளக் கால்பந்து கிளப் பற்றிப் பேசினோம். 1997-ல் தொடங்கிய வருடமே மோகன் பகானை வென்று டியூரண்ட் கோப்பை. 2002-ல் இழுத்து மூடினார்கள். அந்தத் தகடு யார் வீட்டில் இருக்கிறதோ என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

தம்பி ஷார்ஜாவிலிருந்து பேசினான். கிட்னி விஷயம் அவனே எடுத்தான், அவனே பேச்சை மாற்றினான். என் ரத்தம் ஒத்துப்போகவில்லை, அவனுடையது ஒத்துப்போகும். சொல்லிக் காட்ட எனக்கு மனசில்லை.

ஜூலை 29, திங்கள்

முதல் ஆட்டம் ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸோடு. 1977 ஆகஸ்ட் 14 அன்று ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் 77,691 பேர் பார்த்த காஸ்மாஸ் ஆட்டமும் இதே பெயருள்ள அணியோடுதான், 8-3. அந்தப் பெயரும் போய்த் திரும்பி வந்ததுதான். மைதானம் லாங் ஐலண்டில் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம். 1972-ல் காஸ்மாஸ் முதல் கோப்பையை ஜெயித்ததும் அங்கேதான். இதை அப்பாவிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

ஜூலை 31, புதன்

அப்பாவின் இடது மணிக்கட்டுக்கு மேலே ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம். விரல் வைத்தால் பூனை உறுமுவது போல அதிரும். தினமும் காலையில் எழுந்ததும் அவர் தொட்டுப் பார்ப்பார், பிறகு நான். இன்று காலை என்னைக் கூப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வலது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் போய்த் தொட்டேன். வெறும் கை. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டு மாமா காரை எடுத்தார். ரத்தம் கட்டிவிட்டதாம். கரைக்கப் பார்த்தார்கள், கரையவில்லை. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். இனி வலது கையில் புதிதாகச் செய்ய வேண்டும், அது பழுக்க ஆறு வாரமாவது ஆகும். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று நினைவில்லை. வாசலில் ஈரக் குடைகள் வரிசையாக விரித்து வைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

நாளைக்கு அனுப்புகிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சித்தூர்ப் புழையில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போகிறதாம். பெண்கள் முளைப்பாரியோடு போனார்கள். நாங்கள் கோயம்புத்தூர் போனோம். கழுத்து வழியாக முதல் டயாலிசிஸ். தலையை ஒரு பக்கமே வைத்திருக்க வேண்டும், நோட்டில் இருந்ததைப் படித்தேன், பாதியில் தூங்கிவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு. "எழுப்பிவிடு" என்றார், வேறு எதுவும் பேசவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். போன் சிக்னல் கிணற்றடியில்தான் கிடைக்கும். நான் அங்கே நின்று பார்த்து, உள்ளே ஓடிவந்து சொல்லி, திரும்ப ஓடினேன். சேலை முழுக்க ஈரம். 1-1 வந்து அப்படியே நின்றது. சமனில் முடியட்டும், அது போதும் என்று இருந்தேன். ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிடத்தில் காஸ்மாஸின் நொசெல்லி அடித்துவிட்டார். 2-1. பெலே மைதானத்தில் இருந்தார்.

சொன்னதும் அப்பா கழுத்துக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் கையை அழுத்தினார். ரொம்ப நேரம் விடவில்லை.

"கினாலியா வந்திருந்தானா?"

இல்லைங்கப்பா, இறந்துட்டாரு என்றேன்.

"எப்ப?"

"போன வருசம். ஏப்ரல்."

தலையை ஆட்டினார். "அது பெனால்டி இல்லைன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்." அப்புறம் தண்ணீர் கேட்டார். டம்ளர் நிறையக் கொடுத்தேன். பாட்டிலில் கணக்கு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஐந்தரை பஸ். அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று வழியில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், மணி ஐந்தே கால்.