மை இருக்கிறது, மெஷின் இல்லை என்கிறது

பிரிண்டர் சர்வீஸ் மேசையில் வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கும் வசனம் இது: "கையில தூக்கிப் பாருங்க தம்பி, கனமாத்தான் இருக்கு. மெஷின்தான் காலின்னு சொல்லுது." சொல்பவர் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைக்காரர், அல்லது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து அனுப்பப்பட்ட பையன். கனத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்பது உண்மை. டிரம்மும் (படம் பதியும் உருளை) டோனரும் (பொடி மை) ஒரே உடம்பில் இருக்கும் லேசர் கார்ட்ரிட்ஜில், பிளேடு சுரண்டிய கழிவு டோனரும் உள்ளேயே தங்கிவிடும். காலியான கார்ட்ரிட்ஜும் கனக்கும். ஆனால் மெஷின் சொல்வதும் அளந்து சொல்வதல்ல. அந்த இடத்தில்தான் இந்தத் தொழிலின் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது.

கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சர்க்யூட் துண்டு ஒட்டியிருக்கும். அதுதான் சிப். திரவ மையைப் பீய்ச்சி அடிக்கும் பல இங்க்ஜெட் மாடல்களில் மை எவ்வளவு மிச்சம் என்று எந்த சென்சாரும் பார்ப்பதில்லை. எத்தனை துளி பீய்ச்சினோம், மை பீய்ச்சும் முனையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் எத்தனை முறை ஓடியது என்று பிரிண்டர் எண்ணிக்கொண்டே வந்து, முழு அளவிலிருந்து கழித்து, மிச்சத்தைச் சிப்பில் எழுதி வைக்கிறது. எண் பூஜ்யத்தைத் தொட்டால் கார்ட்ரிட்ஜ் காலி. பிளாஸ்டிக்கை அறுத்துப் பார்த்தால் பஞ்சு ஈரமாகத்தான் இருக்கும்.

கம்பெனிப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மை வற்றிய ஹெட்டை ஓட்டினால், சூடேற்றித் துளி தள்ளும் வகை கருகும். அழுத்தித் தள்ளும் வகையில் காற்றுக் குமிழ் ஏறிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் மையை மிச்சம் வைத்து நிறுத்துவதில் பொருள் உண்டு. ஆனால் எச்சரித்துவிட்டு, 'உன் பொறுப்பில் ஓட்டிக்கொள்' என்று ஒரு பொத்தானைக் கொடுக்கலாமே? கேனனின் சில ஆல்-இன்-ஒன் மாடல்கள் மை தீர்ந்தால் ஸ்கேன்கூடச் செய்ய மறுக்கின்றன என்று 2021இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். ஸ்கேன் செய்வதற்கும் மைக்கும் என்ன சம்பந்தம் என்று கவுண்டரில் கேட்பவருக்கு, இருபது வருட அனுபவஸ்தராலும் பதில் சொல்ல முடியாது.

வேஸ்ட் பேட் சமாச்சாரம் இதைவிட மோசம். ஹெட் கிளீனிங்கில் உறிஞ்சப்படும் மையும், ஓரம் விடாமல் போட்டோ அடிக்கும்போது காகிதத்துக்கு வெளியே சிந்துவதும், பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சு அடுக்கில் போய்ச் சேரும். பாட்டில் மையை டப்பாவில் ஊற்றும் எப்சன் எல்-வரிசை பிரிண்டர்களில் அதற்கும் ஒரு கவுன்டர், அதாவது எண்ணிக்கைக் கணக்கு, உண்டு. அது எல்லையைத் தொட்டதும் விளக்குகள் மாறி மாறி மின்னும். உள் பாகங்களின் ஆயுள் முடிந்துவிட்டது, சர்வீஸுக்குக் கொண்டு போ என்று கம்ப்யூட்டர் திரையில் வரும். முந்தின பக்கம் பளிச்சென்று அடித்த மெஷின் அடுத்த பக்கம் அடிக்காது.

வேலை என்று பார்த்தால் இது அரை மணி நேரச் சமாச்சாரம். எல்220, எல்360, எல்380 போன்ற மாடல்களில் பின்பக்கத்தில் ஒரு திருகைக் கழற்றினால் பேட் தட்டு வெளியே வந்துவிடும். மைக்குழாயைப் பிடுங்கும்போது கீழே பழைய செய்தித்தாள் நாலு மடிப்பு இருக்கட்டும்; அந்தக் கருப்பு, டைல்ஸ் இடுக்கில் இறங்கினால் போகாது. பஞ்சுகளை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள் என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு உருவ வேண்டும். புதுப் பஞ்சு போடுவது நல்லது. கழுவித்தான் போடுவதென்றால் தண்ணீர் தெளியும் வரை அலசி, பிழிந்து, ஒன்றிரண்டு நாள் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு திணித்தால் சீக்கிரமே வழியும்.

பஞ்சை மாற்றினாலும் மெஷின் ஓடாது. கவுன்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு மென்பொருள் வேண்டும். கம்பெனி அதைத் தன் சர்வீஸ் சென்டருக்குள் வைத்திருக்கிறது. வட அமெரிக்காவில் வாடிக்கையாளருக்கு ஒரு ரீசெட் கருவி இலவசமாகத் தருகிறார்கள். அதுவும் ஒரே ஒரு தடவைக்கு, விண்டோஸில் மட்டும். இங்கே நடப்பது என்ன? இணையத்தில் 'அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம்' என்று தேடி, ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் ஏதோ ஒரு ஜிப் கோப்பை இறக்கி, டேலி கணக்கு வைத்திருக்கும் அதே கம்ப்யூட்டரில் ஓட்டுவார்கள். பஞ்சுக்குப் பார்க்கப் போய்க் கணக்கே போய்விடும். ரீசெட் செய்தே ஆகவேண்டுமானால், எந்தக் கோப்பும் இல்லாத பழைய லேப்டாப் ஒன்றில் யூஎஸ்பி கேபிள் போட்டுச் செய்வதுதான் புத்தி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பஞ்சைத் தொடாமல் கவுன்டரை மட்டும் ரீசெட் செய்து காசு வாங்கும் ஆட்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. அப்படிச் செய்த மெஷின் சில மாதத்தில் மேசையெல்லாம் மையைக் கக்கும். மை உள்ளே பரவிப் பவர் சப்ளை பக்கம் போனால் முடிந்தது கதை. ஆக, கவுன்டர் என்பது அவசியமான ஒன்றுதான். நான் குறை சொல்வது பூட்டை அல்ல, சாவியை ஒளித்து வைத்ததை. பயனரே கழற்றி மாற்றும்படி பெட்டி வைத்துச் செய்யவும் இதே கம்பெனிக்குத் தெரியும். எல்6160, எல்6170 மாடல்களில் வைத்திருக்கிறார்கள். விலை குறைந்த மாடல் வாங்கியவருக்கு மட்டும் அது இல்லை.

பேட் சீக்கிரம் நிரம்புவதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். கோடு விழுந்தால் ஹெட் கிளீனிங்கை ஏழெட்டுத் தடவை தொடர்ந்து அழுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல மை நேரே பஞ்சுக்குப் போகிறது. முதலில், மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று கோடு போட்டுக் காட்டும் நாசில் செக் பக்கத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். உடைந்த கோடு இருந்தால் ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். மூன்று முறை செய்தும் சரியாகவில்லை என்றால் பன்னிரண்டு மணி நேரமாவது சும்மா விட வேண்டும். குமிழ் தானாக மேலேறிவிடும். மறுநாள் காலை பாதிப் பிரச்சினை காணாமல் போயிருக்கும். வாரத்துக்கு ஒரு கலர்ப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தால் இந்த நிலையே வராது.

மையின் விலையைக் கம்பெனி நினைத்தபடி வைக்கிறது என்பதற்கு இந்த எல்-வரிசையே சாட்சி. இந்தோனேசியாவில் ஆட்கள் கார்ட்ரிட்ஜில் துளை போட்டு, வெளியே டப்பா கட்டி, குழாய் வழியாக மை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தடுத்துப் பார்த்து முடியாமல் 2010இல் எப்சன் தானே டப்பா வைத்த பிரிண்டரை அங்கே இறக்கியது. இன்று நம்மூர் ஜெராக்ஸ் கடையெங்கும் நிற்பது அதன் வாரிசுதான். 003 என்ற கருப்பு மை பாட்டில் 65 மி.லி.; சுமார் 4,500 பக்கம் என்று கம்பெனியே போடுகிறது. சின்ன கார்ட்ரிட்ஜ் ஒன்றில் இருப்பது சில மி.லி. மட்டுமே, விலையோ பெரும்பாலும் அந்தப் பாட்டிலைவிட அதிகம். மை மட்டும் அவ்வளவு உசத்தியான ரசாயனம் என்றால், பாட்டிலில் ஊற்றியதும் எப்படி இறங்கியது? பிரிண்டரை விலை ஏற்றி விற்றதால் மையில் சுரண்ட வேண்டிய தேவை குறைந்தது, அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜ் விற்கும் கம்பெனிகள் சிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2002 கடைசியில் அமெரிக்கப் பிரிண்டர் கம்பெனி லெக்ஸ்மார்க், மாற்று சிப் செய்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் கம்பெனி மேல் பதிப்புரிமைச் சட்டத்தில் வழக்குப் போட்டது. லெக்ஸ்மார்க் உரிமை கேட்ட டோனர் நிரல்களில் ஒன்று வெறும் 55 பைட். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லெக்ஸ்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின் மேல் பேட்டன்ட் உரிமை கொண்டாட முடியாது என்றது. கோர்ட்டில் கிடைக்காததை, மெஷினை உள்ளிருந்து ஓட்டும் நிரலான ஃபர்ம்வேரில் எடுத்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த மாற்று கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுத்தன. கூச்சல் எழுந்ததும் அந்தப் பூட்டை நீக்கும் ஃபர்ம்வேர் ஒன்றைத் தந்தார்கள், முறையைக் கைவிடவில்லை. 2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் போட்டது.

இதற்கெல்லாம் சொல்லப்படும் காரணம் தரம், பாதுகாப்பு. சிப் இல்லாவிட்டால் தரம் கெடுமா என்பதற்குப் பதில் 2022 ஜனவரியில் கேனனிடமிருந்தே வந்தது. உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. கேனன் தன் சொந்த டோனரையே சிப் இல்லாமல் அனுப்ப வேண்டிய நிலை. மெஷின் அசல் சரக்கையே போலி என்று சந்தேகித்தது. எச்சரிக்கையை மூடிவிட்டுத் தொடர்ந்து அச்சடிக்கலாம் என்று ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனியே வழி சொல்லிக் கொடுத்தது. நாங்கள் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே வழி.

2024 ஜனவரியில் ஹெச்பியின் தலைமைச் செயல் அதிகாரி என்ரிக்கே லோரஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒருவர் பிரிண்டர் வாங்கினால் அது தங்களுக்கு ஒரு முதலீடு என்றும், அவர் போதிய அளவு அச்சடிக்காவிட்டாலோ தங்கள் மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடு என்றும் சொன்னார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. காசு கொடுத்து வாங்கியவர் தன்னை முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்க, அவரையே ஒரு முதலீடாக எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். திட்டு மட்டும் கவுண்டரில் நிற்பவனுக்கு.

ஆகவே புது பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சில காரியங்களைச் செய்துவிட வேண்டும். நெட்வொர்க்கில் போட்டதும் அதன் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அப்டேட் பகுதியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தவும். கார்ட்ரிட்ஜ் புரொடெக்‌ஷன் என்று இருந்தால் அதையும் அணைக்கவும். அதை விட்டுவைத்தால் கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு மெஷினோடு கட்டுப்பட்டுவிடும். பக்கத்து மேசை பிரிண்டரில்கூட ஓடாது. ஹெச்பி பிளஸ் என்ற திட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: ஒப்புக்கொண்டபின் திரும்ப முடியாது, எப்போதும் இன்டர்நெட் இருக்க வேண்டும், அசல் கார்ட்ரிட்ஜ் தவிர எதுவும் ஓடாது. பழைய அசல் கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடாதீர்கள். மறுபயன்பாட்டு அசல் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் வேலை செய்யும் என்று பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ரீஃபில்லுக்கு அந்த உடம்புதான் மூலதனம்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 இரண்டையும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்றும் பழைய சரக்காகத் தேடி வாங்குகிறார்கள். காரணம் பெரிதல்ல, ஹெச்பியின் 12ஏ கார்ட்ரிட்ஜிலும் அதன் உடன்பிறப்பான கேனன் 303இலும் சிப் கிடையாது. பின்கள் இரண்டைத் தள்ளினால் கார்ட்ரிட்ஜ் இரண்டு பாகமாகப் பிரியும். டிரம்மை உருவிக் கருப்புத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வைப்பர் பிளேடின் திருகுகளைக் கழற்றிக் கழிவைக் கொட்டி, மறுபாதியில் மூடியைத் திறந்து 80 முதல் 100 கிராம் டோனர் நிரப்பினால் மறுபடி இரண்டாயிரம் பக்கம். அவசரத்தில் கழிவைக் கொட்டாமல் டோனரை மட்டும் நிரப்புபவர்களிடம் போகாதீர்கள்; சில நூறு பக்கத்தில் பொடி சிந்தி, தாளெல்லாம் சாம்பல் கோடு. ஒரே புள்ளி 75 மி.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம் தேய்ந்துவிட்டது, டோனரைக் குறை சொல்லிப் பயனில்லை. 38 மி.மீ. வாக்கில் விழுந்தால், டிரம்முக்கு மின்னூட்டம் தரும் சார்ஜ் ரோலர். ஸ்கேல் ஒன்று கையில் இருந்தால் எந்தப் பாகம் என்று நீங்களே சொல்லிவிடலாம். கார்ட்ரிட்ஜையே மாற்று என்பவரிடம் ஏமாற வேண்டியதில்லை.

வாரன்டி காலத்தில், ரீஃபில் போட்டதால் சரி செய்ய மாட்டோம் என்று வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஜாப் ஷீட்டில் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே குரலை இறக்குவார்கள். பில், சீரியல் எண், திரையில் வந்த செய்தியின் படம் மூன்றும் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

மேலே சொன்ன ஹெச்பி லேசர்ஜெட் 1020இலும் ஒரு ஓட்டை உண்டு. அதன் ஃபர்ம்வேர் மெஷினுக்குள் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து இறங்க வேண்டும். சரியான டிரைவர் இல்லையென்றால் நல்ல மெஷினும் வெறும் பெட்டி. தன்னார்வலர்கள் உட்கார்ந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸுக்கு எழுதி வைத்த ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவர் இதற்கும் உதவும். விண்டோஸ் மாற்றும்போது தடுமாறும் கடைக்காரர்களுக்கு, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதில் 1020ஐ மாட்டி நெட்வொர்க்கில் பகிர்ந்து கொடுத்தால் வேலை ஓடும்.