எங்கள் பேட்டைக்காரர்

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ஒன்பது வயசுப் பேத்தி பக்கத்தில் வந்து, "தாத்தா, தியாகராயர் தி.நகர்ல இருந்தவரா?" என்று கேட்டாள். கையிலெடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது.

"தி.நகருக்கு அவர் பேர் வச்சிருக்காங்கம்மா. அவர் இருந்தது நம்ம வண்ணாரப்பேட்டையில."

"இங்கயா?"

அந்த "இங்கயா" இன்னும் காதில் இருக்கிறது. குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து ஒரு புது நகரத்தை எழுப்பி அவர் பெயரைச் சூட்டினார்கள். அன்றையிலிருந்து பெயர் தெற்கே போய்விட்டது. எங்களுக்கு அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது, 2021-இலிருந்து அதன் பெயரில் ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்குகிறார்கள். யார் அந்தத் தியாகராயர் என்று பிள்ளைகளிடம் நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

22 ஏப்ரல், செவ்வாய்

பக்கத்துத் தெருவில் மாலை வகுப்பு நடத்தும் தம்பி கடைக்கு வந்திருந்தார். வரும் 28-ஆம் தேதி தியாகராயர் மறைந்து நூறு வருஷம் ஆகிறதாம். "அண்ணே, நீங்க அந்தக் காலேஜ்ல படிச்சவங்க, துணி வியாபாரமும் பண்றீங்க. பிள்ளைங்களுக்குப் பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். பேத்தி கேட்ட கேள்வியோடு உட்கார்ந்திருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

1852 ஏப்ரல் 27-இல் பிறந்து 1925 ஏப்ரல் 28-இல் மறைந்தவர். எழுபத்து மூன்று முடிந்து ஒரே நாள். எங்கள் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்ட 1856-இல் அவருக்கு நான்கு வயது.

23 ஏப்ரல், புதன்

வெயில் கொளுத்துகிறது. எம்.சி. ரோட்டில் மதியம் ஆள் நடமாட்டமே இல்லை. கல்லாவில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினேன்.

மேடையில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீதிக்கட்சியில் தொடங்கி நீதிக்கட்சியில் முடிப்பார்கள். அது பெரிய விஷயம்தான். 1916 நவம்பரில் டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோரோடு சேர்ந்து, பின்னால் நீதிக்கட்சி என்று பெயர் பெற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு அறுபத்து நான்கு. வீட்டோடு இருக்கிற வயதில் ஒரு இயக்கத்தைத் தூக்கி நிறுத்தினார். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்து முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் அந்த இடத்துக்கு வந்தார். இதையெல்லாம் பெரியவர்கள் கூட்டத்தில் சொல்லலாம்.

நான் சொல்ல நினைப்பது அதற்கு முந்தைய தியாகராயரை. தோல், உப்பு, துணி என்று பல தொழில் பார்த்த வியாபாரி அவர். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு 1836-இலிருந்தே சென்னையில் ஒரு வர்த்தக சபை இருந்தது. நம்மவர்களுக்கென்று ஒன்று வர 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தென்னிந்திய வர்த்தக சபையை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர். பல வருஷம் அதன் தலைவர். ஒரு கடைக்காரனுக்கு அதன் அருமை தெரியும். சரக்கு தேங்கினாலும் ரயில் கட்டணம் ஏறினாலும் தனி ஆளாகப் போய் நின்றால் எவன் காது கொடுப்பான்?

25 ஏப்ரல், வெள்ளி

பரணில் இருந்து தாத்தாவின் தகரப்பெட்டியை இறக்கினோம். நான் தேடியது தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா. கிடைத்தது.

ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மரக்கட்டை, படகு மாதிரி. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். நடுவே குடைந்த பள்ளத்தில் நூல் சுற்றிய தார் உட்காரும். பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை, நூல் வெளியே வர. தாத்தாவின் கைபட்டுப் பட்டு மரம் கருத்து, புளியங்கொட்டை மாதிரி மின்னுகிறது. விரலால் தடவினால் ஒரு சிராய் இல்லை.

இதற்கு முன்னால் இருந்தது கையால் எறியும் நாடா. வலது கையால் பாவுக்குள், அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்களுக்குள் எறிய வேண்டும், இடது கையால் பிடிக்க வேண்டும், பலகையால் அடிக்க வேண்டும், மறுபடி இந்தப் பக்கம் எறிய வேண்டும். நெய்கிறவன் கை எட்டுகிற அகலம்தான் துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் நாடா தானாக இந்த ஓரத்துப் பெட்டியிலிருந்து அந்த ஓரத்துப் பெட்டிக்குப் பாயும் தறி வந்ததும் வேகமும் கூடியது, அகலமும் கூடியது. இங்கிலாந்தில் 1733-லேயே ஜான் கே கண்டுபிடித்தது. நம் நெசவாளி கைக்கு வர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் மான்செஸ்டர் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிவிட்டது. பெரம்பூரில் மில்லும் வந்துவிட்டது.

தியாகராயர் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர், வசதியான குடும்பம். ஆனால் பிறந்தது நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகத்தில். தறிச் சத்தம் அவருக்கு அந்நியமில்லை. நாடா தானாக ஓடும் இந்தக் கைத்தறிகளில் நூறு போட்டு ஒரு நெசவாலையே நடத்தினார். புதுத் தறியைப் பழகச் சொல்லி நெசவாளிக்கு அறிவுரை சொல்வது சுலபம். தன் காசைப் போட்டு நூறு தறியை ஓட்டிக் காட்டுவது வேறு. அவரிடம் நான் மதிப்பது முதலில் இதைத்தான்.

என் தாத்தா கடைசிவரை லுங்கி நெய்தார், அப்பா லுங்கி விற்றார், நான் விற்கிறேன். இந்த நாடா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியில் அவரைப் போன்றவர்களும் நிற்கிறார்கள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

26 ஏப்ரல், சனி

அதே தகரப்பெட்டியில் பாட்டியின் சுருக்குப்பை. உள்ளே ஐந்தாறு காலணா, ஒரு ஓரணா. ஓரம் பூ மாதிரி வளைந்து வளைந்து, நடுவே ஐந்தாம் ஜார்ஜ். பேத்தியிடம் கொடுத்தேன். "பிஸ்கட் மாதிரி இருக்கு" என்றாள்.

பதினாறு அணா ஒரு ரூபாய் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஆயிரம் விளக்குக் கதையைச் சொன்னேன். 1920 செப்டம்பர். தியாகராயர் அப்போது மாநகராட்சி மன்றத் தலைவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஏழைகள், பட்டினியாக இருந்தால் பள்ளிக்கு எப்படி வருவார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று மன்றம் தீர்மானம் போட்டது. அப்புறம் வேறு சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசாங்கம் சொல்ல, 1925-இல் நின்றது. அவர் கண்மூடிய அதே வருஷம்.

காமராஜர் காலத்து மதிய உணவு 1956, எம்.ஜி.ஆர். சத்துணவு 1982, இப்போது 2022-இலிருந்து காலை உணவு. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஓரணா.

பேத்தி நாணயத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குள்ள ஒரு டிபனா தாத்தா?"

27 ஏப்ரல், ஞாயிறு

பிறந்த நாள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரிப்பன் மாளிகைக்குப் போனேன். தியாகராயா கல்லூரி நிலையத்தில் ஏறினோம். வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், அப்புறம் சென்ட்ரல். சிலைக்குப் போட்ட மாலை வாடாமல் இருந்தது. 1882-இலிருந்து 1922 வரை நாற்பது வருஷம் மாநகராட்சி மன்றத்தில் இருந்தவர். 1913-இல் அந்த வெள்ளை மாளிகை திறந்தபோதும் உறுப்பினர்தான். சாக்கடை, தண்ணீர், தெருவிளக்கு என்று நாற்பது வருஷம் உட்கார்ந்து பேசப் பெரிய பொறுமை வேண்டும்.

படங்களில் எப்போதும் வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை அங்கி. அதனால்தான் வெள்ளுடை வேந்தர். வேல்ஸ் இளவரசர் வந்தபோதுகூட அரச விழா உடை போடாமல் இதே வெள்ளையில்தான் போய் நின்றாராம், கல்லூரியில் எங்கள் வாத்தியார் சொல்வார். திரும்பும்போது ரயிலில் நிலையத்தின் பெயரை அறிவித்ததும் பேத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

28 ஏப்ரல், திங்கள்

ஆறு மணிக்கு வகுப்புக்குப் போனேன். இருபத்தைந்து பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாம் லீவு நாளில் வெயிலில் ஆடிவிட்டு வந்த முகங்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். "மத்தியானம் என்னடா சாப்பிட்டே?" என்றேன். "டீ, பன்னு" என்றான். பக்கத்தில் இருந்தவனும் அதையே சொன்னான்.

தம்பியைக் கூப்பிட்டு, "முதல்ல டிபன், அப்புறம் பேசுறேன்" என்றேன். முனையில் கடை போடும் அம்மாவிடம் இருந்து நூறு இட்லியும் ஒரு தூக்கு வடகறியும் வந்தது. அந்த அம்மா கூடவே வந்து தன் கையால் பரிமாறினார். கொட்டாவி விட்ட பையன் ஆறு இட்லி சாப்பிட்டான்.

பேச ஆரம்பிக்க ஏழு மணி ஆகிவிட்டது. எழுதிவைத்ததில் பாதியைத்தான் சொன்னேன். ஓரணா கை மாறி மாறிப் பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியாக நாடாவை எடுத்ததும் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அந்தப் பையன் அதைத் தரையில் வைத்துச் சர்ரென்று தள்ளினான். எதிரே பேத்தி பிடித்தாள், திருப்பித் தள்ளினாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் வரிசை கட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்ப எட்டரை ஆனது.