ஆறு மணி வகுப்பும் புது வேலையும்

கிண்டி பொறியியல் கல்லூரியில் பார்ட் டைமாக எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டட அமைப்புப் பொறியியல்) படிக்கிறேன், இப்போது மூன்றாவது செமஸ்டர். முழுநேர மாணவர்களுக்கு நான்கு செமஸ்டர் என்றால் எங்களுக்கு ஆறு. பகலில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலை, மாலையில் வகுப்பு. இந்த நேரம் பார்த்து இன்னொரு கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. இப்போது கைக்கு வருவது 38,000. அங்கே 56,000.

அம்மாவிடம் சொன்னதும், "இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்றாள். தம்பிக்குக் கடைசி வருடம், காலேஜ் ஃபீஸ் நான்தான் கட்டுகிறேன். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மாதம் 18,000 ரூபாய் எங்கள் வீட்டுக்குப் பெரிய பணம்.

ஆனால் அந்த ஆபீஸ் சிறுசேரியில். அமெரிக்கக் கட்டடங்களுக்குக் கம்பி டீட்டெய்லிங், அதாவது கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படி வரும் என்று படம் வரையும் வேலை. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. கிளையன்ட் கால் அப்போதுதான் வரும். வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டதற்கு "ப்ராஜெக்டைப் பொறுத்தது" என்று பதில். எங்களுக்கோ 75 சதவீத வருகை இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கிளையன்ட் கால் இல்லாத நாளில்கூட, மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரைத் தாண்டி ஆறு மணிக்குள் கிண்டிக்கு வந்து சேர முடியாது.

வகுப்பை விட்டுவிட்டால்தான் என்ன என்றும் யோசித்துப் பார்த்தேன். மனசு வரவில்லை. போன மாதம் நிலநடுக்க டிசைன் வகுப்பில், தூணின் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிப் போடும் கம்பி ரிங்கின் கொக்கியை ஏன் 135 டிகிரி வளைக்கச் சொல்கிறார்கள் என்று நடத்தினார்கள். நடுக்கத்தில் வெளிப்பக்க கவர் கான்கிரீட் உதிர்ந்துவிடும். 90 டிகிரியில் வளைத்த கொக்கி அப்போது திறந்துகொள்ளும், உள்ளே நிற்கும் கம்பிகளைப் பிடிக்க எதுவும் இருக்காது. 135 டிகிரி வளைத்தால் கொக்கியின் நுனி கான்கிரீட்டின் உட்பகுதிக்குள்ளேயே மாட்டி நிற்கும். இதைச் சொல்லும் இந்திய விதிநூலான ஐ.எஸ். 13920 படித்திருந்தேன், படத்திலும் வரைந்திருந்தேன். காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. 2002-ல் சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள், இது நம் ஊருக்கும் பொருந்தும். மறுநாள் மேடவாக்கம் சைட்டுக்குப் போனபோது, கம்பி கட்டும் அண்ணனிடம் ரிங்கைக் கையில் வாங்கி இதை விளக்கினேன். "இத்தனை வருஷத்துல யாரும் இதைச் சொல்லலையேம்மா" என்றார். காலையில் வேலை, மாலையில் அதற்கான காரணம் என்று இரண்டும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். புது வேலையில் டிசைன் கிடையாது, வந்த டிசைனுக்குக் கம்பி வரைவது மட்டும்தான்.

இங்கே சார் ஐந்தரைக்கு என் மேசையில் வேலை இருந்தாலும் "கிளம்பும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். அந்த ஐந்தரை மணிக்கும் ஒரு சம்பளம் உண்டு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆஃபர் வந்ததையும் அவரிடம் மறைக்கவில்லை. அவ்வளவு தர முடியாது, ஏப்ரலிலிருந்து 5,000 கூட்டித் தருகிறேன் என்றார். சரி என்றேன்.

நான்காவது செமஸ்டரோடு தியரி பேப்பர்கள் முடிகின்றன. அப்புறம் ப்ராஜெக்ட் மட்டும்தான், தினமும் மாலை கேம்பஸில் இருக்க வேண்டியதில்லை. அப்போது கட்டாயம் வேறு வேலை தேடுவேன், டிசைன் வேலையாகவே தேடுவேன். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான். தம்பியின் கடைசி செமஸ்டர் ஃபீஸுக்கு என் சீட்டுப் பணத்தை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.