பெஞ்சில் உட்காரவைத்தபோது அந்தப் பையன் என்ன செய்தான்?

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் முடிந்து ஒருவழியாகத் தூங்க முடிகிறது. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-ல் ஒரு அணியின் ஸ்கவுட்டிங் (ஆள் தேடும்) பிரிவில் கீழ்ப்படியில் இருப்பவன் நான். கல்லூரிப் பையன்கள் எப்படி எறிகிறார்கள், எப்படி ஓடுகிறார்கள் என்று பார்ப்பதெல்லாம் மூத்தவர்களின் வேலை. ஆள் எப்படி, நாலு பேரை நடத்திக்கொண்டு போவானா, நம்பலாமா என்று விசாரிக்கும் வேலைதான் என்னைப் போன்றவர்கள் தலையில் விழும். இந்த ஆண்டு என் பங்குக்கு வந்தவர்களில் ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) மட்டும் என்னைப் படாதபாடு படுத்திவிட்டான். பெயர் சொல்லப்போவதில்லை. ஐந்தாவது ஆண்டு ஆட்டக்காரன், நடுவில் கல்லூரி மாறியவன். அவ்வளவு போதும்.

அவன் படுத்தினான் என்பதுகூடச் சரியில்லை. படுத்தியது அவனைப் பற்றிய ஒரே ஒரு வரி. ‘பெஞ்சில் உட்காரவைத்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், அணியைவிடத் தன்னைப் பெரிதாக நினைப்பவன்’ என்று எங்கள் கோப்பில் எழுதியிருந்தது. முதல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பாதியில் அவனை எடுத்துவிட்டு இன்னொருவனை ஆடவைத்தார்கள். அந்த நேரத்துக் கதை அது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒரு குறிப்பும் இல்லை.

வேறு இடத்தில் ஆடுபவன் என்றால் இந்த வரியை யாரும் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குவாட்டர்பேக் விஷயம் அப்படியல்ல. 1998 டிராஃப்டில் முதல் இடத்துக்குப் பெய்ட்டன் மானிங்கா ரையன் லீஃபா என்று நிஜமாகவே வாதம் நடந்தது. இரண்டாவது இடத்தில் போன லீஃப், ஆடிய காலம் முழுவதும் சேர்த்து, எறிந்து புள்ளி வாங்கித்தந்த டச்டவுன் பாஸ் 14, எதிரணி கையில் எறிந்த இன்டர்செப்ஷன் 36. கையில் பலம் இல்லாமலா? ஆள் சரியில்லை என்றுதான் பேச்சு. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பெஞ்சில் உட்காரவைத்த நாட்கள்தான் என்னைக் கேட்டால் மிக நல்ல பரீட்சை. குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைப் பாருங்கள். 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான கல்லூரி தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அலபாமா பல்கலைக்கழகம் அவரை வெளியே எடுத்து டுவா டாகோவைலோவாவை இறக்கியது. ஹர்ட்ஸ் உடனே கல்லூரி மாறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயம்பட்டபோது, அதே ஜார்ஜியாவுக்கு எதிராக உள்ளே வந்து ஆட்டத்தைத் திருப்பினார். அதற்கப்புறம்தான் ஓக்லஹோமாவுக்குப் போனார். 2020 டிராஃப்டில் 53-வது ஆளாக ஃபிலடெல்ஃபியா அணி எடுத்தது, பின்னால் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் நாயகன் ஆனார். பின்னால் பெரும் புகழ்பெற்ற டாம் பிரேடியும் 1999-ல் மிச்சிகனில் ட்ரூ ஹென்சனோடு ஆட்டத்தைப் பங்குபோட வேண்டியிருந்தவர்தான். அவரை எடுத்தது 199-வது இடத்தில். ஹர்ட்ஸ் விஷயம் நாடு முழுக்க டிவியில் பார்த்தது. எங்கள் பையனுக்கு அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

அவன் கடைசியாக ஆடிய கல்லூரியில் விசாரணை சுலபமாக முடிந்தது. தலைமைக் கோச் சொன்னதை அப்படியே கல்யாண வாழ்த்து அட்டையில் அச்சடிக்கலாம், அவ்வளவு இனிப்பு. இதையெல்லாம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். தன் பையன் மேலே போனால் அடுத்த ஆண்டு ஆள் சேர்க்க அவருக்கும் லாபம். அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கேப்டனை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களா, கோச்சே பெயர் சொன்னாரா? நெஞ்சில் ‘சி’ ஒட்டியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இவனுக்கு ஓட்டு. வந்த முதல் வருஷமே. அதைக் குறித்துக்கொண்டேன்.

படிப்பு ஆலோசகரிடம் மார்க் கேட்காதீர்கள். 1974-ல் வந்த மாணவர் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிக் கதவைச் சாத்துவார், அது சரியும்கூட. ‘நேரத்துக்கு வருவானா?’ என்று ஒரு புது ஆள் கேட்டால் அதற்குக்கூட வாயைத் திறக்க மாட்டார்கள்.

இனிதான் வேதனை. முதல் கல்லூரிக்குப் போக, ஸ்கவுட்களைக் கவனிக்கும் அலுவலருக்கு மின்னஞ்சல் போட்டு, ‘வாருங்கள்’ என்று பதிலும் வாங்கியிருந்தேன். விமானம் இல்லாத ஊர். வாடகைக் கார் எடுத்து ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு போய் நின்றால், வரவேற்பு மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “இந்த வாரம் ஸ்கவுட்களுக்கு அனுமதி இல்லை. பரம வைரி அணியோடு ஆட்டம். தலைமைக் கோச் கட்டடத்தை மூடச் சொல்லிவிட்டார்.”

மின்னஞ்சலைக் காட்டினேன். “அதை அனுப்பியவர் இன்று விடுமுறை.” அவருக்கு ஃபோன் போடச் சொன்னேன். “விடுமுறையில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது?” ஆட்டப் பதிவுகளைப் பார்க்கும் ஃபில்ம் அறையிலாவது உட்காரலாமா? “பதிவேட்டில் பெயர் எழுதாமல் உள்ளே விட முடியாது.” சரி, எழுதுகிறேன். “அனுமதி இல்லாத நாளில் பதிவேடு திறக்க மாட்டோம்.” இதற்கு மேல் என்ன பேசுவது?

உள்ளே போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. பழைய தலைமைக் கோச்சை நீக்கி, அவர் கூடவே எல்லாரும் போய்விட்டார்கள். வாசலில் பிடித்து நிறுத்திய ஒரு உதவிக் கோச், “நாங்கள் வந்தே ஒரு வருஷம்தான், அந்தப் பையனை டிவியில்தான் பார்த்திருக்கிறேன்” என்றார். கல்லூரி மாறும் வசதிக்கு 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு இந்த வேலையின் பெரிய தலைவலி இதுதான். ஒருவனை மூன்று, நான்கு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்று ஒருவரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஊருக்குப் போவதற்கு முன் அந்த வருஷத்து ஆட்டக்காரர் பட்டியலையும் ஊழியர் பட்டியலையும் இறக்கிக்கொண்டு, அதில் இருப்பவர்கள் இப்போது எங்கே என்று வீட்டிலிருந்தே தேடுங்கள். பெட்ரோல் மிச்சம்.

மோட்டலில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். அதோடு மற்ற அணிகளில் இருக்கும் என்னைப் போன்ற சில்லறை ஆட்களிடமும் மெதுவாகக் கேட்டேன். ஆச்சரியம், எல்லார் கோப்பிலும் கிட்டத்தட்ட அதே வரி! ‘பல இடத்திலிருந்து உறுதியாகியிருக்கிறது’ என்று ஒருவர் கூட்டத்தில் சொல்லியேவிட்டாராம். எனக்கு அங்கேதான் உறுத்தியது. பல இடத்திலிருந்து வந்தால் சொற்கள் கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டாமா?

பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனதில், எல்லாக் கிளையும் ஒரே ஆளிடம் போய் நின்றது. பழைய ஊழியர்களில் ஒரு உதவிக் கோச். வேலை போன கோபத்தில் இருந்தபோது இன்டியானாபோலிஸில் ஒரு பாரில் இரண்டு ஸ்கவுட்களிடம் பேசியிருக்கிறார். அவர்கள் எழுத, மற்றவர்கள் அவர்களிடம் கேட்டு எழுத, ஊரெல்லாம் சொல்வது போல ஆகிவிட்டது. அவரையே பிடித்தேன். நல்ல மனுஷன்தான். “நீங்கள் நேரில் பார்த்தீர்களா?” என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். “இல்லை, உடற்பயிற்சி சொல்லித்தரும் ஜிம் கோச் சொன்னார்.” ஜிம் கோச் இப்போது வேறு மாநிலத்தில். அவர் சிரித்தார். “அவனை உட்காரவைத்த மறு திங்கட்கிழமை எடை தூக்க வரவில்லை. அதைத்தான் சொன்னேன். வேறென்ன சொன்னேன் என்கிறார்கள்?”

ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாவது கேட்கலாமே என்று, இவனுக்குப் பதில் ஆடிய அந்த இன்னொரு குவாட்டர்பேக்கைத் தேடினேன். அவன் என்.எஃப்.எல். பக்கமே வரவில்லை. ஒரு உயர்நிலைப் பள்ளியில் கோச். பள்ளி விட்டு, பயிற்சியும் முடிந்து, பையன்களை அனுப்பிவிட்டுப் பேசினான். (இது முக்கியம். மதியத்தில் கூப்பிட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.) இவனால் அவனுக்கு இனி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, இவனைப் புகழ்ந்தாலும் திட்டினாலும் லாபநஷ்டம் இல்லை. தேட வேண்டியது அப்படிப்பட்டவர்களைத்தான்.

அவன் சொன்னது: “அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விட்டான், தலைமைக் கோச்சிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். செவ்வாய் வந்துவிட்டான். ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தில், அடுத்து என்ன ஆட வேண்டும் என்று ஓரத்திலிருந்து எனக்கு சிக்னல் கொடுத்தது அவன்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.”

இதையும் அப்படியே நம்பிவிடக்கூடாதே. அணிகளுக்குக் கிடைக்கும் ஃபில்மில் மைதானத்தில் இருக்கும் 22 பேர்தான் தெரிவார்கள், ஓரத்தில் நிற்பவர்கள் தெரிய மாட்டார்கள். அதனால் டிவி ஒளிபரப்பைத் தேடி எடுத்தேன். இந்தச் சின்ன விஷயம் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது என்று தெரியவில்லை. மாற்று ஆட்டக்காரனின் முகத்தைக் காட்டுவதில் டிவிக்காரர்களுக்கு ஒரு தனி ருசி உண்டு. கல்லூரி ஆட்டத்தில் கோச்சின் குரல் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் வசதி 2024-ல்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கையசைவுதான். எங்கள் பையன் உர்ரென்ற முகத்தோடு நிற்கிறான். நின்றபடியே கைகளை அசைத்துக்கொண்டே இருக்கிறான், ஆட்டத்துக்கு ஆட்டம், கடைசிவரை. கோப்பில் எழுதிய முகம் உண்மை. கையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

அப்புறம் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர்களை எல்லா அணிகளும் சோதித்துப் பார்க்கும் முகாம். ஒரு அணிக்கு 45 பேரை முறைப்படி நேர்காணல் செய்யலாம், ஒருவருக்குக் கிடைப்பது கால் மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல். கண்டதைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். 2010-ல் ஓர் ஆட்டக்காரரிடம் அவருடைய தாயாரைப் பற்றிக் கேட்கக்கூடாததைக் கேட்டு ஒரு அணி மேலாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2022-ல் லீக், இப்படிக் கேட்டால் டிராஃப்டில் ஆள் எடுக்கும் ஒரு முறையே பறிபோகும், குறைந்தது 1,50,000 டாலர் அபராதமும் உண்டு என்று சொல்லிவிட்டது.

நான் மூலையில் குறிப்பெடுக்கும் ஆள். எங்கள் கோச் ஒரு இன்டர்செப்ஷனைத் திரையில் போட்டார். “யார் தப்பு?”

“என் தப்பு, சார்.” ஒரு நொடி யோசிக்கவில்லை.

இந்தப் பதிலை ஏஜென்ட்கள் ஜனவரியிலேயே மனப்பாடம் செய்யவைத்துவிடுகிறார்கள். எங்கள் கோச் விடவில்லை. “பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் எத்தனை யார்டில் திரும்பியிருக்க வேண்டும்?” “12.” “எத்தனையில் திரும்பினான்?” “9.” “அப்புறம் எப்படி உன் தப்பு?” பையன் கொஞ்சம் நெளிந்தான். “இப்படிச் சொல்லச் சொன்னார்கள்.” அறையே சிரித்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது: அந்த ரிசீவரிடம் ஃபில்ம் அறையில் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன் என்றான். பிறகு ரிசீவரிடமே கேட்டேன். “தனியாகத்தான் சொன்னான். ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டேன்” என்றான்.

பரீட்சை மதிப்பெண்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று இருந்த வொண்டர்லிக்கை 2022-ல் கம்பைனிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற குவாட்டர்பேக்கின் எஸ்2 (மூளைத்திறன் பரீட்சை) மதிப்பெண் மிகக் குறைவு என்று வெளியே கசிந்தது. அந்த சீசனிலேயே அவர் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர். கசியவிட்டவருக்கு வெட்கமாவது இருந்திருக்குமா?

அறிக்கையில் நான் எழுதியது இவ்வளவுதான்: கோபக்காரன், கோபம் முகத்தில் தெரியும், கோபமாக இருக்கும்போதும் வேலையை விடமாட்டான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரில் பார்த்தவர் யார், கேள்விப்பட்டவர் யார் என்று தனித்தனியாகப் போட்டேன். நீங்கள் இந்த வேலையில் இருந்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள், பின்னால் வருபவன் உங்களை வாழ்த்துவான். ஏப்ரல் கூட்டத்தில் ஜெனரல் மேனேஜர் படித்துவிட்டு, “சரி, அந்தப் பழைய வரியை எடுத்துவிடுங்கள்” என்றார். இவ்வளவு அலைச்சலுக்கும் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம். யாரை எந்தச் சுற்றில் எடுப்பது என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கும் போர்டில் அவன் பெயர் ஒரு சுற்று மேலே ஏறியது.

டிராஃப்ட் அன்று எங்கள் முறை வருவதற்குள் வேறொரு அணி அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் கோப்பை எங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை.

வாடகைக் கார், பெட்ரோல், மோட்டல் கணக்கை அனுப்பியிருந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்திருக்கிறது: அந்தக் கல்லூரியின் பார்வையாளர் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை, போனதற்கு அத்தாட்சி இணைக்கவும். அந்த வரவேற்பு மேசைக்காரருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். அவர் விடுமுறையில் இருக்கிறாராம்.