மெக்லேயின் நாட்குறிப்பும் என் மினிட்ஸ் புத்தகமும்

அலுவலகக் கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. பொருள், தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எழுதித் தலைவரின் கையொப்பம் பெற்றுவிட்டால் போதும். எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, யார் முகம் சுளித்தார் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அதனாலேயே அமெரிக்காவின் முதல் செனட்டில் (நாடாளுமன்ற மேலவையில்) பென்சில்வேனியா மாநில உறுப்பினராக இருந்த வில்லியம் மெக்லே மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

1737இல் பிறந்த அவர் நில அளவையாளர். 1789இல் நியூயார்க்கில் கூடிய செனட்டின் விவாதங்களைக் கேட்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 1795 வரை அதே நிலைதான். அவைக் குறிப்பேட்டிலும் பேச்சுகள் இடம்பெறவில்லை. மெக்லேதான் நடந்தவற்றைத் தம் நாட்குறிப்பில் எழுதிவந்தார்.

1789 ஆகஸ்ட் 22 அன்று, தெற்கிலிருந்த பூர்வகுடிகளுடனான உடன்படிக்கை குறித்து ஆலோசனையும் இசைவும் பெற ஜார்ஜ் வாஷிங்டன் தாமே செனட்டுக்கு வந்தார். துணைக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஆவணத்தை வாசித்தபோது தெருவில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை என்றும், சன்னல்களை மூடச் சொல்லி வாயிற்காவலருக்குச் சைகை காட்டினார்கள் என்றும் மெக்லே எழுதுகிறார். தொடர்புடைய தாள்களை வாசிக்க வேண்டும் என்று அவர் எழுந்து கேட்டார். விஷயத்தைக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற யோசனை வந்ததும், தாம் வந்த நோக்கமே கெட்டுவிட்டதென வாஷிங்டன் கொதித்தெழுந்தார். அவைக் குறிப்பேட்டைப் பார்த்தால், வாஷிங்டன் முன்வைத்த கேள்விகளின் பரிசீலனை திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது என்ற அளவில்தான் இருக்கிறது. திங்களன்று அமைதியாக வந்து வேலையை முடித்த வாஷிங்டன், அதன்பின் இப்படி நேரில் ஆலோசனை கேட்க செனட்டுக்கு வரவே இல்லை.

இதைப் படித்த பிறகு, 'ஒத்திவைக்கப்பட்டது' என்று மட்டும் எழுத எனக்கு மனம் வருவதில்லை. எந்தத் தாள் கேட்கப்பட்டது, அது ஏன் கிடைக்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன்.

மெக்லே நடுநிலையாளர் அல்லர். குடியரசுத் தலைவருக்கு ஆடம்பரப் பட்டங்கள் சூட்ட விரும்பிய ஆடம்ஸை அவர் கடுமையாகச் சாடினார். அந்தப் பக்கங்களில் நியாயமான எதிர்ப்போடு சொந்த வெறுப்பும் கலந்திருக்கிறது. முதல் செனட்டர்களின் பதவிக்காலத்தை முடிவுசெய்த சீட்டுக் குலுக்கலில் இரண்டாண்டுப் பதவிக்காலமே அவருக்கு வாய்த்தது. 1791இல் அது முடிந்தபின் மாநிலச் சட்டமன்றம் அவரை மீண்டும் தேர்ந்தெடுக்கவில்லை. 1804இல் அவர் காலமானார். நாட்குறிப்பு முழுமையாக அச்சேறியது 1890இல்தான்.