கரண்டி கைக்கு வர ஒரு வாரம்

டெல்லி ஆர்.கே. புரத்தில் வளர்ந்த எனக்கு அகழாய்வு என்றால் கீழடி வீடியோக்கள்தான். எம்.ஏ. படிக்கும்போது டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைத் தோண்டுகிறார்கள், முன்அனுபவம் இல்லாதவர்களையும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். கல்லூரிக் கடிதம், ஆதார் நகல், ஒரு டெட்டனஸ் ஊசி, அவ்வளவுதான்.

முதல் ஒரு வாரம் மண் சுரண்டும் கரண்டியைத் தொடவே விடவில்லை. பானை ஓடு கழுவு, காயவை, எண் எழுது. ஜனவரிக் குளிரில் வாளிக்குள் கையை விட்டால் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. "பாத்திரம் தேய்க்கவா போற?" என்றாள் அம்மா. ஆனால் கழுவிக் கழுவியே, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளின் குஷாணர் காலச் சிவப்பு ஓடு எது, அதற்கு ஆயிரம் வருடம் பிந்திய டெல்லி சுல்தான் காலத்து நீல மெருகு ஓடு எது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்புறம் குழியில் இறக்கினார்கள். சதுரம் சதுரமாகக் குழி, நடுவே, மண் அடுக்குகளைப் பார்ப்பதற்காகத் தொடாமல் விடும் மண்சுவர். 1944-ல் தட்சசீலத்தில் பயிற்சி முகாம் போட்டு அப்போதைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் தொடர்ச்சிதான். அந்தச் சுவர்மேல் ஏறி நின்றதற்கு முதல் திட்டு.

இரண்டாவது திட்டுக்கு நான் முழுத் தகுதி. சிவப்பு ஓடுகளுக்கு நடுவே நீல ஓடு ஒன்று வந்ததும் பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினேன். பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த சாச்சா (சித்தப்பா), முப்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவர், என் காலடி மண்ணைக் கரண்டியால் இரண்டு தடவை சுரண்டிவிட்டு, "மிட்டி பதல் கயி, பேட்டி" என்றார். மண் மாறிவிட்டது மகளே என்கிறார். பின்னாளில் யாரோ வெட்டிய குப்பைக்குழி, மேலிருந்து பழைய அடுக்குக்குள் இறங்கியிருக்கிறது. சாம்பல் கலந்து பொதபொதவென்று இருந்த அந்த மண்ணைக் கவனிக்காமல் இரண்டு காலத்து ஓடுகளையும் ஒரே பையில் போட்டிருந்தேன். அந்தப் பை காலக்கணிப்புக்கு உதவாது என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கரண்டி படும் சத்தத்திலேயே அவருக்கு மண் தெரியும். இத்தனைக்கும் பயிற்சியாளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அவர் பெயர் கூலிக் கணக்கில் மட்டும். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கடைசி வாரம் மண் மெத்தென்று தட்டுப்பட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாச்சா, இன்னொரு குழி!" என்றேன். வந்து பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

எலி வளை.