ஹைட்ரஜன் காருக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு யூனிட் கணக்கு

எலக்ட்ரிக் கார் வாங்கலாமா, ஹைட்ரஜன் வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் நிதின் கட்கரி டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராயில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கிய பிறகு இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகிப் போனது. பொறுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில், ஹைட்ரஜன் காரும் எலக்ட்ரிக் கார்தான். சக்கரத்தைச் சுற்றுவது அதே மோட்டார். பெரிய பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபியூயல் செல் உட்கார்ந்து, டேங்கில் உள்ள ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து ஓட ஓட கரண்ட் தயாரிக்கிறது, புகைக்குப் பதில் தண்ணீர் வருகிறது, எல்லாம் அழகுதான். ஆனால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே 50 முதல் 55 யூனிட் கரண்ட் போய்விடும். அப்புறம் 700 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு) அதை அமுக்கி டேங்கில் ஏற்ற இன்னும் சில யூனிட். அந்த ஒரு கிலோவில் மிராய் 100 கிலோமீட்டர் சொச்சம் ஓடும். அதே 55 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால், சார்ஜ் ஆகும்போது வீணாவது போக, ஒரு சாதாரண எலக்ட்ரிக் கார் சுமார் 300 கிலோமீட்டர் போகும்.

நம்ம ஊர் கரண்டே பெரும்பாலும் நிலக்கரியில்தானே வருகிறது என்பார்கள். சரி, அந்தக் கரண்டில் ஹைட்ரஜன் எடுத்தால் அதே தூரத்துக்கு மூன்று மடங்கு நிலக்கரி எரியுமே! இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருவதும் இல்லை. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள், கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ் வாங்கும் திட்டத்தை 2022 ஜனவரியில் கைவிட்டது. ஹைட்ரஜனில் கிலோமீட்டருக்கு 95 யூரோ சென்ட், எலக்ட்ரிக்கில் 15 சென்ட் என்று கணக்கு வந்தால் எந்த மேயர்தான் கையெழுத்துப் போடுவார்? ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் அல்ஸ்தாம் என்ற ரயில் கம்பெனி செய்த 14 ஹைட்ரஜன் ரயில்களை 2022-ல் பெரிய விழா எடுத்து ஓடவிட்டார்கள். மறு வருடமே அதே மாநிலம், அடுத்து வாங்கப் போவது பேட்டரி ரயில்தான், ஓட்டும் செலவு அதில் குறைவு என்று சொல்லிவிட்டது.

நம்ம பெரம்பூர் ஐசிஎஃப்-இலும் ஹைட்ரஜன் ரயில் பெட்டி செய்து 2025 ஜூலையில் சோதித்தார்கள். ஹரியானாவில் ஜிந்த்–சோனிபட் இடையே 89 கிலோமீட்டரில் ஓட்டத்தான் இந்த ஏற்பாடு. பொறியியலாகப் பார்த்தால் பெருமைதான், நம்ம ஆட்கள் கைவண்ணம். ஆனால் நாட்டின் அகலப்பாதை ஏறக்குறைய மொத்தமும் மின்மயமான பிறகு, தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பியிலிருந்து நேராக எடுக்க வேண்டிய கரண்டை ஹைட்ரஜனாக்கி, திரும்பக் கரண்டாக்கி ஓட்டுவது எதற்கு? பாரம்பரிய மலைப்பாதைகளுக்கு 35 ரயில், ஒன்றுக்கு 80 கோடி என்றொரு மதிப்பீடும் உண்டு. கம்பி கட்டினால் அழகு கெடும் இடங்களில் வேண்டுமானால் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம்.

ஹைட்ரஜனே வேண்டாம் என்று சொல்லவில்லை. உரத்துக்கு அம்மோனியா செய்ய அது இல்லாமல் ஆகாது, நிலக்கரி இல்லாமல் இரும்பு எடுக்கவும் அதைத்தான் பெரிதாக நம்பியிருக்கிறார்கள். கிடைக்கிற சுத்தமான ஹைட்ரஜன் முதலில் அங்கே போகட்டும். காரில் அதற்கு இருக்கும் ஒரே நிஜமான வசதி ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரம்புவது, அதுவும் பக்கத்தில் பங்க் இருந்தால். கலிஃபோர்னியாவில் கார்களுக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் நிரப்பும் பங்க்குகளை 2024-ல் ஷெல் எண்ணெய் நிறுவனம் மொத்தமாக மூடிவிட்டது.